வருகையும் கற்றலும்: சீ. இரா. அரங்கநாதனின் வாழ்வில் நூலகப் பயனளவை

ஆய்வுச் சுருக்கம்

நூலகம், அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம் ஆகிய நிறுவனங்களுக்கு வருவோர் அங்கு எதனைக் கற்றுச் செல்கின்றனர் என்பதை அளக்க இயலுமா என்னும் வினா, இன்றைய பண்பாட்டு நிறுவன ஆய்வுகளில் முதன்மை பெற்றுள்ளது. இவ்வினாவின் தமிழகப் பின்னணியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதனின் (1892–1972) வாழ்க்கை வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரான அவர், எண்ணத்தக்கவை அனைத்தையும் எண்ணினார்; எண்ணிக்கைக்குள் அடங்காததைக் காண்பதற்கு ஒரு பணிமுறையையும் உருவாக்கினார். இவ்விரண்டிற்கும் இடையிலான உறவே அவரது பயனளவைச் சிந்தனையின் அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வாசகராக வராதோரை எந்த அளவைக்குள் கொணர்வது என்னும் சிக்கல், பல்கலைக்கழக நூலகம் அமைந்துள்ள அதே கடற்கரையின் நொச்சிக்குப்பத்தை முன்வைத்து இறுதியில் விவாதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரங்கநாதன், ஐந்து விதிகள், நூலக அளவியல், குறிப்புதவிப் பணி, கற்றல் பயன், நொச்சிக்குப்பம்.

முன்னுரை

சென்னைக் கடற்கரைச் சாலையில், சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில், 1936ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட நூலகக் கட்டடம் நிற்கிறது. அதனின்று தெற்கு நோக்கிச் செல்வோர் மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், இராணி மேரி கல்லூரி ஆகியவற்றைக் கடந்து கலங்கரை விளக்கத்தை அடைவர். அதனை அடுத்துச் சாந்தோம் கடலோரத்தில் நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. ஒரே மணற்கரையின் இரு முனைகளாக விளங்கும் இவ்விரு இடங்களுக்கும் இடையிலான தொலைவு நடந்து கடக்கக்கூடியதே. ஆயினும், நூலகத்தின் வருகைப் பதிவேடு ஒரு முனையில் நிகழ்வதை மட்டுமே பதிவு செய்யும். மறுமுனையில் இருப்போர் வந்தால் ஓர் எண்ணாவர். வாராதிருந்தால் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை.

இப்பதிவேட்டினைத் தம் வாழ்நாளின் இருபது ஆண்டுகள் தாமே மேற்பார்த்தவர் அரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் அவர் பிறந்த ஆகஸ்ட் மாதத்தின் 12ஆம் நாள், தேசிய நூலகர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. அவரது பகுப்பு முறை குறித்தும் ஐந்து விதிகள் குறித்தும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. நூலகத்தின் பயனை அளப்பது பற்றி அவர் கொண்டிருந்த நோக்கு, அவரது வாழ்க்கை நிகழ்வுகளோடு பொருத்திக் காணத்தக்கது. அக்காட்சியைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீர்காழி முதல் எழும்பூர் வரை

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் இராமாமிருதம் – சீதாலட்சுமி இணையருக்கு 1892இல் அரங்கநாதன் பிறந்தார். ஆறாம் அகவையில் தந்தையை இழந்தார். உள்ளூர்ப் பள்ளியில் பயின்றபின், அக்காலத்தில் சென்னை ஜார்ஜ் டவுனில் இயங்கிய கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்குக் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் அவருக்கு ஆசிரியராகவும் வாழ்நாள் நண்பராகவும் அமைந்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றபின், 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசுக் கல்லூரிகளில் கற்பித்து, 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

வகுப்பறையில் அவர் கண்ட நிறைவு, அவரது பிற்காலச் சிந்தனைக்கு அடித்தளமாகும். ஆசிரியர்க்கு மாணவரின் முகமே முதல் அளவுகோல். விளக்கியது விளங்கியதா என்பதைத் தேர்வுத்தாள் சொல்வதற்கு முன்பே கண்கள் சொல்லிவிடும். இத்தகைய உடனடி அறிகுறி எதுவுமில்லாத பணியில் 1924ஆம் ஆண்டு சனவரியில் அவர் அமர்ந்தார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் அப்போது எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகக் கட்டடத்தில் இயங்கியது. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருந்தது. 1851இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கப்பெற்ற அவ்வருங்காட்சியகம், வருவோரை எண்ணும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே மேற்கொண்டிருந்தது. உயிருள்ள விலங்குகளை அங்கு வைத்தபோது கூட்டம் பெருகியதைப் பால்ஃபர் கண்டார். அவ்விலங்குத் தொகுதியே பின்னர்ச் சென்னை உயிரியல் பூங்காவாக வளர்ந்தது. கூட்டம் பெருகியது என்பது ஐயத்திற்கு இடமற்றது. வந்தோர் புலியைக் கண்டு வியந்தனரா, விலங்கியலை அறிந்தனரா என்பதை அவ்வெண் தெரிவிக்கவில்லை. எண்ணிக்கையின் வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்ட வளாகத்திலேயே அரங்கநாதனின் நூலகப் பணி தொடங்கியது என்பது கருதத்தக்கது.

அரங்கநாதனின் இடர் இதற்கு நேர்மாறானது. பல்கலைக்கழக நூலகத்தை நாடி வந்தோர் மிகச் சிலரே. மாணவர் சூழ வாழ்ந்தவர்க்கு அத்தனிமை பொறுக்க இயலாததாயிற்று. சில நாள்களிலேயே தம்மை மாநிலக் கல்லூரிக்கே திருப்பி அனுப்புமாறு அவர் வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்று திரும்பிய பின்னும் இதே மனநிலை நீடித்தால் கல்லூரிக்குத் திரும்பலாம் என்னும் உடன்பாட்டின்பேரில், அவ்வாண்டின் பிற்பகுதியில் இலண்டன் பயணமானார்.

இலண்டன் அனுபவம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் அவர் பயின்றார். சேயர்ஸ் குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகருமாவார். அங்கும் பிரித்தானியாவின் பல்வேறு நூலகங்களிலும் அரங்கநாதன் நேரில் கண்ட காட்சிகள் இரண்டு முடிவுகளுக்கு இட்டுச் சென்றன. நூலகம் எல்லாத் தரப்பினரும் புழங்கும் இடமாக இருத்தல் இயலும் என்பது ஒன்று. அங்குப் பின்பற்றப்பட்ட பகுப்பு முறைகள் அறிவின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது மற்றொன்று.

கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியின் இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி வெவ்வேறு உருவங்கள் அமைப்பதைக் கண்டபோது, பொருட்கூறுகளை இணைத்துப் பகுப்பெண் அமைக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1925இல் தாயகம் திரும்பிய கடற்பயணத்திலேயே அதற்கான முயற்சியைத் தொடங்கினார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் வித்து அதுவே. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைக் கூறுகளாக அது பின்னர் வளர்ச்சி பெற்றது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு இலக்கியப் பொருளை வகுத்த தொல்காப்பிய மரபை அறிந்தோர்க்கு இடமும் காலமும் பகுப்பின் கூறுகளாவது அயலாகத் தோன்றாது. அம்முறையில் தமிழ் மொழி, 31 என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது.

தாயகம் திரும்பியவர் கல்லூரிக்குத் திரும்ப விழையவில்லை. வாசகர் வராத நூலகத்தை வாசகர் நிறைந்த நூலகமாக மாற்றும் பணியில் முழுமையாக ஈடுபட்டார். நூலடுக்குகளுக்கிடையே வாசகர் தாமே சென்று நூல்களைத் தேர்ந்துகொள்ளும் திறந்த அணுக்கத்தை நடைமுறைப்படுத்தினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். விடுமுறை நாள்களிலும் அதனைத் திறந்து வைத்தார். விடுப்பின்றி உழைக்கும் இயல்பு அவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

ஐந்து விதிகளும் அவற்றின் அளவைக் குறிப்பும்

1928ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பல வகையில் திருப்பமாக அமைந்தது. சனவரியில் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பெற்று, அவர் அதன் செயலரானார். நூலகமும் எழும்பூரிலிருந்து கடற்கரைக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவருடைய மனைவி உருக்குமணி, திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளத்தில் தவறி விழுந்து உயிரிழந்தார். அடுத்த மாதமே சிதம்பரத்தில் நூலகவியல் அடிப்படைகள் குறித்து அரங்கநாதன் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அச்சொற்பொழிவுகளின் விரிவே, 1931இல் பி. எஸ். சிவசாமி ஐயரின் அணிந்துரையோடும் சேயர்ஸின் அறிமுகத்தோடும் வெளிவந்த ஐந்து விதிகள் பற்றிய நூலாகும். 1929இல் அவர் சாரதாவை மணந்தார்.

நூலக நடைமுறைகள் யாவும் சில அடிப்படை விதிகளினின்று பிறத்தல் வேண்டும் என்பது கணித அறிஞராகிய அவரது நம்பிக்கை. அவ்விதிகளைத் தேடித் தவித்த ஒரு மாலைப்பொழுதில், பேராசிரியர் ராஸ் அவரைக் காண வந்தார். முன்னாள் மாணவரின் நீண்ட விளக்கத்தைக் கேட்ட ராஸ், அதன் சாரம் நூல்கள் பயன்பாட்டிற்குரியவை என்பதே எனச் சுருக்கிக் காட்டினார். முதல் விதி அவ்வாறு உருப்பெற்றது. வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல், நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகர், வாசகரின் காலச் சிக்கனம், வளரும் உயிரியாகிய நூலகம் என ஏனைய நான்கும் அதனின்று விரிந்தன.

இவ்விதிகள் பொதுவாக அறக்கட்டளைகளாகவே படிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் அளவைக் கேள்வியையும் உள்ளடக்கியுள்ளது. முதல் விதி, இருப்பில் உள்ள நூல்களுள் எத்தனை பயன்படுகின்றன என வினவத் தூண்டும். இரண்டாம் விதி, வந்தவருள் எத்துணையர் வேண்டியதைப் பெற்றனர், வராதவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பும். மூன்றாம் விதி, தொடப்படாமல் கிடக்கும் நூல்களைக் கணக்கிடச் சொல்லும். நான்காம் விதி, காத்திருக்கும் நேரத்தை அளக்கச் சொல்லும். ஐந்தாம் விதி, இவ்வளவைகள் அனைத்தையும் ஆண்டுதோறும் திரும்பவும் எடுக்க வேண்டிய கட்டாயத்தை உணர்த்தும்.

இவ்வைந்தனுள் இரண்டாம் விதிக்கே அந்நூலில் மிகுந்த இடம் அளிக்கப்பட்டுள்ளது. உயர்ந்தோர்க்கும் பொதுமக்களுக்கும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும், வளர்ந்தோர்க்கும் குழந்தைகளுக்கும் இடையே நூல்கள் பகிரப்படுவதில் நிலவிய ஏற்றத்தாழ்வுகளை அவர் வரிசைப்படுத்தி எதிர்த்தார். நிலத்தில் வாழ்வோர்க்கும் கடலில் உழைப்போர்க்கும் இடையிலான வேறுபாடும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. கப்பலில் பணிபுரிவோர்க்கும் நூல் சென்று சேர வேண்டும் என்பது அங்கு வலியுறுத்தப்படுகிறது. கடற்கரை நூலகத்தில் அமர்ந்து எழுதப்பட்ட நூலில் கடலுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது, பின்னர் எழும் வினாவிற்கு முன்னுரையாகிறது.

எண்ணியவையும் எண்ணாதவையும்

1935இல் வெளிவந்த நூலக ஆட்சி குறித்த அவரது நூல், நூலகத்தின் அன்றாடச் செயல்களை நுண்மையாகப் பிரித்துக் காட்டுகிறது. நூல் வழங்குதல், திரும்பப் பெறுதல், அடுக்குதல், பதிதல் ஆகிய ஒவ்வொன்றிற்கும் உரிய கணக்குகளை அவர் வகுத்தார். அக்கணக்குகளின் பயன் ஆண்டறிக்கையை அழகுபடுத்துவதன்று. எத்துணைப் பணியாளர் தேவை, எந்நேரத்தில் கூட்டம் மிகும், எவ்வகை நூலுக்குத் தேவை பெருகுகிறது என்பவற்றை முடிவு செய்யும் கருவிகளாகவே அவற்றைக் கையாண்டார்.

அவரது பணியாளர் வாய்பாடு இதற்குத் தக்க சான்றாகும். வழங்கீட்டு வாயில் ஒன்று ஆண்டில் திறந்திருக்கும் மணிகளை 1500ஆல் வகுத்தால் அப்பிரிவிற்குத் தேவையான பணியாளர் எண் கிடைக்கும். குறிப்புதவிப் பிரிவிற்கோ நாளொன்றுக்கு வரும் வாசகரை 50ஆல் வகுக்க வேண்டும். ஆண்டின் வேலைநாள்கள் 250ஐ விஞ்சுமாயின் அதற்கேற்ப எண் உயரும். அதாவது, 50 வாசகர்க்கு ஒருவர் வீதம், வாசகரோடு உரையாடுவதற்கென்றே பணியாளர் இருத்தல் வேண்டும். வழங்கீட்டுப் பிரிவில் அளவையின் அலகு, கதவு திறந்திருக்கும் நேரம். குறிப்புதவிப் பிரிவில் அளவையின் அலகு மனிதர். இவ்வேறுபாடு தற்செயலானதன்று. நூல் வழங்கும் செயலை நேரத்தால் அளக்கலாம். வாசகரின் தேவையை அவரை அறிந்த ஒருவரே உணர இயலும் என்னும் முடிவு அவ்வாய்பாட்டினுள் பொதிந்துள்ளது.

குறிப்புதவிப் பணியை அவர் நான்காகப் பகுத்தார். புதிதாக வருவோரை நூலகத்திற்கு அறிமுகப்படுத்துதல், பொது வாசகர்க்குப் பொதுவான உதவி, உடனடி விடை வேண்டுவோர்க்கு உதவி, நீண்ட தேடல் மேற்கொள்வோர்க்கு உதவி என்பன அவை. இவற்றுள் முதலாவது, கற்றல் தொடங்கும் தருணத்தைக் காண்கிறது. இறுதியானது, கற்றல் ஆய்வாக முதிர்வதைக் காண்கிறது. முதன்முறை தயங்கி நின்றவர் மறுமுறை தாமே அடுக்கை நாடிச் செல்வதையும், எளிய வினாவோடு வந்தவர் செறிந்த வினாவோடு திரும்புவதையும் குறிப்புதவி நூலகர் கண்ணுறலாம். வகுப்பறையில் மாணவர் முகத்தில் அரங்கநாதன் கண்ட அறிகுறி, நூலகத்தில் இவ்வுரு எடுத்தது எனலாம். எண்ணிக்கைக்குள் அடங்காத கற்றலைக் காண அவர் அமைத்த கருவி, பயிற்சி பெற்ற ஒரு மனிதரின் கவனமே.

வராதோரை நாடிய நூலகம்

நூலகத்திற்குள் வந்தோரை அறிவதற்கு வழி கண்டவர், வெளியே நின்றோரை மறக்கவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில், மேலவாசல் எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதனைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். நூல்களைச் சுமந்த வண்டி ஊர் ஊராகச் சென்று நின்றது. வாசகர் நூலகம் தேடி வருவதை அளப்பதற்கு மாறாக, நூலகம் வாசகரைத் தேடிச் செல்லும் தொலைவே அங்கு அளவுகோலாயிற்று.

தனியார் ஆர்வம் நிலைபேறுடையதன்று என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டத்தை அவர் முன்வைத்தார். அம்முயற்சி, தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டமாகக் கனிந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. சொத்துவரியோடு நூலக வரியும் பெறப்படுவதால், நூலகத்தில் கால் வைக்காதவரும் அதன் புரவலராகின்றனர். வரி செலுத்துவோர் அனைவர்க்கும் நூலகம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதாகிறது. பயனளவை என்பது நிருவாக வசதி என்னும் நிலையினின்று குடியாட்சிக் கடமை என்னும் நிலைக்கு உயர்ந்தது இச்சட்டத்தின் வாயிலாகத்தான்.

நூலக அளவியலின் தோற்றம்

சென்னையில் இருபதாண்டுப் பணியை நிறைவு செய்தபின், 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கு அரங்கநாதன் சென்றார். அங்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைப் பெரும்பாலும் தனியொருவராகவே பகுத்துப் பட்டியலிட்டார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நிகழ்ந்த ஆஸ்லிப் மாநாட்டில், நூலகச் செயற்பாடுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் தனித்துறை தேவை என்னும் கருத்தை முன்வைத்தார். உயிரியலும் பொருளியலும் உளவியலும் தத்தம் அளவியல்களைப் பெற்றிருப்பதைப்போல், நூலகத்துறையும் ஓர் அளவியலைப் பெற வேண்டும் என்பது அவரது வாதம். அதற்கு அவர் சூட்டிய பெயர் லைப்ராமெட்ரி. தமிழில் அதனை நூலக அளவியல் எனலாம். பிப்ளியோமெட்ரிக்ஸ் என்னும் நூல் அளவியலுக்கு ஆலன் பிரிச்சர்ட் பெயர் தந்தது 1969இல். அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே அரங்கநாதனின் முன்மொழிவு அரங்கேறியது.

பணியாளர் அளவு, வழங்கீட்டு மேசைகளின் எண், நூல்களின் பங்கீடு முதலியவை நூலக அளவியலின் எல்லைக்குள் வந்தன. வாசகர் கற்றதை அளப்பதாக அது உரிமை கோரவில்லை. கணிதம் கற்றவர்க்கு ஓர் அளவையின் ஆட்சி எல்லையை வரையறுப்பதும் அளவையின் பகுதியே. தாம் அளந்ததைக் கற்றல் என்று பெயரிட்டு அவர் அழைக்கவில்லை என்பதில் அவரது அறிவு நேர்மை புலப்படுகிறது.

அவர் தில்லியில் இருந்த காலத்திலேயே, யுனெஸ்கோவின் முன்னோடித் திட்டமாக 1951இல் தில்லிப் பொது நூலகம் திறக்கப்பட்டது. அதன் பயனை மதிப்பிட்டு ஃபிராங்க் கார்ட்னர் எழுதிய அறிக்கையை 1957இல் யுனெஸ்கோ வெளியிட்டது. வளரும் நாடொன்றின் பொது நூலகம் மக்களிடையே என்ன விளைவை உண்டாக்கியது என்னும் கேள்வி அனைத்துலக அரங்கில் கேட்கப்பட்டதற்கு அவ்வறிக்கை சான்று. அக்கேள்வி கேட்கப்படுவதற்குரிய சூழலை உருவாக்கியவர்களுள் அரங்கநாதன் முதன்மையானவர்.

1955 முதல் சில ஆண்டுகள் சூரிக்கில் வாழ்ந்த அவர், பின்னர்ப் பெங்களூரில் தங்கினார். தம் சேமிப்பினின்று ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, சாரதா அரங்கநாதன் பெயரில் நூலகவியல் இருக்கை அமைய வழிசெய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருதும் 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் தகுதியும் அவரை வந்தடைந்தன. 1962இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவணவாக்க ஆய்வு பயிற்சி மையம், மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் உறுப்பாகவே அமைந்தது. நூலகத்தை அளக்க விழைந்தவரின் இறுதி ஆய்வுக்களம் புள்ளியியல் நிறுவனமாக அமைந்தது பொருத்தமே. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று அவர் மறைந்தார்.

பிற்கால அளவைகளும் தமிழ் ஆய்வுச் சூழலும்

அரங்கநாதன் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஐலீன் ஹூப்பர்-கிரீன்ஹில் தலைமையிலான ஆய்வுக்குழு, அருங்காட்சியகம், நூலகம், ஆவணக்காப்பகம் மூன்றிற்கும் பொதுவான கற்றல் பயன்களை வகுத்தது. அறிவும் புரிதலும், திறன்கள், மனப்பான்மையும் விழுமியங்களும், மகிழ்ச்சியும் உந்துதலும் படைப்பாற்றலும், செயலும் நடத்தையும் முன்னேற்றமும் என அவை ஐந்தாகத் தொகுக்கப்பட்டன. தேர்வு வைத்து மதிப்பெண் இடுவதற்கு மாறாக, வருகையாளர் தாமே கூறுவனவற்றைத் திரட்டி இவ்வைந்தின்கீழ் வகைப்படுத்துவது அதன் முறை. வாசகரைக் கேட்டறிதல் என்னும் அடிப்படையில், குறிப்புதவி மேசையின் உரையாடலுக்கு இம்முறை நெருங்கி வருகிறது. குறிப்புதவி நூலகர் தனியே கண்டு மனத்தில் கொண்டதைப் பலர் பகிரத்தக்க சான்றாக மாற்றியதே இதன் முன்னேற்றம். ஆயினும், வந்தோரின் கூற்றையே சான்றாகக் கொள்வதால் வராதோர் இதிலும் இடம்பெறுவதில்லை.

தமிழ் ஆய்வுக்கு இச்சிக்கல் மற்றொரு வகையிலும் உரியது. சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரின் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றின் பெருமை கூட்டத்தால் அமைவதன்று. ஒரு சுவடியை ஆண்டு முழுவதும் ஒருவரே புரட்டக்கூடும். அவ்வொருவரின் உழைப்பு பதிப்பாக வெளிவந்தால் தலைமுறைகள் பயன்பெறும். 1887இல் சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்ததன் பின்னணியில் இருந்தவை, சுவடி வைத்திருந்த வீடுகளும் மடங்களும் நோக்கி அவர் மேற்கொண்ட பயணங்களே. வருகைப் பதிவேட்டின் கணக்கில் அத்தகைய ஒவ்வொரு வருகையும் ஒன்று என்னும் எண்ணாகவே நிற்கும். ஆகவே, வருகை எண்ணை மட்டும் கொண்டு நிதியும் பணியிடமும் முடிவு செய்யப்படுமாயின், முதலில் இழப்புக்குள்ளாவன சுவடி நூலகங்களும் ஆவணக்காப்பகங்களுமேயாகும். அரங்கநாதனின் மூன்றாம் விதி இவ்விடத்தில் காப்பாகிறது: தனக்குரிய ஒரே வாசகருக்காகக் காத்திருக்கும் நூலுக்கும் நூலகத்தில் உரிமை உண்டு.

நொச்சிக்குப்பம் எழுப்பும் வினா இரண்டாம் விதியைச் சார்ந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் மீனின் வரவையும் கண்டறியும் நுண்ணறிவு, நூலின்றியே தலைமுறைகள் வழியே கைமாறி வருகிறது. நெய்தல் திணையை நூலகத்தில் அமர்ந்து ஆராய்வோர்க்கு அவ்வறிவு ஒரு மூலச் சான்று. அதே குப்பத்தில் வளரும் சிறார்க்கு நூலகத்தின் நூல்கள் உரிமைப் பொருள். இருதரப்பினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கு உரியன உள்ளன. அரங்கநாதன் இரண்டாம் விதியின்கீழ்க் கடலை எண்ணியபோது முதன்மையாகக் கருதியது நெடுங்கடல் செல்லும் கப்பல் பணியாளரை. அவ்விதியின் தருக்கம் கரையோரக் கட்டுமரத்தையும் தன்னுள் அடக்கும். குப்பத்தினின்று ஒருவரும் நூலகத்திற்கு வாராத நாளில் பதிவேட்டில் எக்குறையும் தென்படாது. இரண்டாம் விதியின்படியோ அந்நாள் கணக்கில் வைக்க வேண்டிய குறையுடைய நாளாகும்.

முடிவுரை

அரங்கநாதனின் வாழ்வினின்று பயனளவை குறித்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, எண்ணத்தக்கதை எண்ணுவதில் தயக்கம் கூடாது. வழங்கிய நூலும் காத்திருந்த நேரமும் திறந்திருந்த மணிகளும் துல்லியமாகக் கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவதாக, அவ்வெண்களைக் கற்றலின் அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. கற்றலைக் காண வாசகரோடு பழகும் பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும், அவர் கண்டதைப் பதிவு செய்யும் முறையும் வேண்டும். மூன்றாவதாக, வந்தோரை மட்டும் அளக்கும் எந்த முறையும் பொதுநூலக நெறிக்கு நிறைவு தராது. வராதோர் யாவர், ஏன் வரவில்லை என்பதும் அளவையின் பகுதியாதல் வேண்டும்.

மூன்றாவது முடிவு இன்றும் பெருமளவில் செயலுக்கு வராதது. அதனைத் தொடங்குவதற்குரிய களம் சேப்பாக்கத்திற்கும் நொச்சிக்குப்பத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையிலேயே உள்ளது. வாசகர் வராத அறையில் தனிமையைப் பொறுக்க இயலாமல் தவித்த ஒருவர், அத்தவிப்பையே ஒரு துறையின் அடிப்படை விதிகளாக மாற்றிய இடமும் அக்கடற்கரையே.